ஸ்கேனர் செருகியும் கார் வாய் திறக்கவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காரின் முன்கதவு திறந்து கிடக்கும். இருக்கையில் லேப்டாப் இருக்கும். நான் தரையில் முழங்காலிட்டு ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை நுழைத்திருப்பேன். பால் வாங்கப் போகிறவர்கள் வண்டி பழுதாகிவிட்டது போலும் என்று பரிதாபப்படுவார்கள். பாதி நாட்கள் வண்டியில் ஒரு குறையும் இருக்காது. வண்டியைச் சோதிக்க வாங்கிய கருவிதான் படுத்துக்கொண்டிருக்கும். அதனால் கருவியிலிருந்தே தொடங்குகிறேன்.

கையில் இருக்கவேண்டியவை: ஓபிடி அடாப்டர் (ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைச் சாக்கெட்டில் செருகி, வண்டி தானே கண்டறிந்து பதிந்துவைத்த குறைக் குறியீடுகளைப் படிக்கும் கருவி; ஸ்கேனர் என்பதும் இதைத்தான்), லேப்டாப் அல்லது போன், சாதாரண மல்டிமீட்டர், ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டுப் புத்தகத்தை ஒப்புக்காகச் சேர்க்கவில்லை. காரணம் பின்னால் வரும். லேப்டாப்பை அதன் சொந்த பேட்டரியிலேயே ஓடவிடுங்கள். ஈர வாசலில் எக்ஸ்டென்ஷன் போர்டை இழுத்துப் போட்டு உட்காரும் அளவுக்கு எந்தக் காரும் அவசரமானதில்லை.

வண்டியின் ஆண்டையும் பாருங்கள். இந்தியாவில் ஓபிடியின் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும் கட்டாயமாயின. 2013-க்குப் பிறகு வந்த காரில் பொதுவான ஸ்கேனர் பேசும் என்று நம்பி வேலையைத் தொடங்கலாம். அதற்கு முந்தைய சில வண்டிகளிலும் அதே 16 துளைச் சாக்கெட் இருக்கும். ஆனால் உள்ளே நடக்கும் பேச்சு அந்த நிறுவனத்தின் சொந்த மொழியில் இருக்கும். அப்படிப்பட்ட ஒரு வண்டியோடு மல்லுக்கட்டி ஒரு முழு மாலையை நான் இழந்திருக்கிறேன்.

ஒரு சிறு குறிப்பு: ஆங்கில எழுத்தில் தட்டவேண்டிய கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறேன். ‘ஏடிஆர்வி’ என்றால் அந்த நான்கு ஆங்கில எழுத்துகள்.

செருகியதும் அடாப்டரில் விளக்கே எரியவில்லை

சாக்கெட்டின் 16-ஆம் துளைக்கு பேட்டரியின் 12 வோல்ட் நேரே வருகிறது. சாவி போடாவிட்டாலும் அது இருக்கவேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் ஃபியூஸ் மீதுதான். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் என்று இன்னமும் அழைக்கப்படும் 12 வோல்ட் சாக்கெட்டும் ஓபிடி சாக்கெட்டும் ஒரே ஃபியூஸைப் பகிர்ந்துகொள்கின்றன. எப்போதோ மலிவான மொபைல் சார்ஜர் ஒன்று ஷார்ட் ஆகி அந்த ஃபியூஸைத் தின்றிருக்கும். சார்ஜரைத் தூக்கி எறிந்துவிட்டு மறந்திருப்பீர்கள். எரிந்த ஃபியூஸின் மேல் போட்டிருக்கும் ஆம்பியர் எண்ணையே புதிதிலும் பாருங்கள். 15 இருந்த இடத்தில் 30 போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், வயர் எரியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மீட்டரை எடுங்கள். சாக்கெட்டின் அகலமான பக்கம் மேலே இருக்குமாறு நேரே பார்த்தால் மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. கறுப்பு முனை 4-இல், சிவப்பு முனை 16-இல். 12.4-க்கும் 12.7-க்கும் நடுவே காட்டினால் நல்லது. அடுத்து கறுப்பை 5-க்கு மாற்றிப் பாருங்கள். 4 என்பது வண்டி உடலின் எர்த், 5 என்பது சிக்னலின் எர்த். ஒன்றில் வோல்ட் வந்து மற்றொன்றில் வராவிட்டால் குறை எர்த் பக்கம் இருக்கிறது. மீட்டரின் தடித்த முனையைத் துளைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கும் நாக்கு அகன்றுவிட்டால் அதன் பிறகு எந்த அடாப்டரும் இறுக்கமாக உட்காராது. மெல்லிய கம்பியை நுழைத்து அதைத் தொடுங்கள். அந்தக் கம்பி பக்கத்துத் துளையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு எரிகிறது, லேப்டாப்புக்கு அடாப்டர் தெரியவில்லை

இது வண்டியின் சிக்கலே இல்லை. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்து மஞ்சள் முக்கோணம் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். யுஎஸ்பி அடாப்டருக்குள் சிஎச்340, எஃப்டி232, பிஎல்2303 போன்ற சிப்களில் ஒன்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர். பழைய பிஎல்2303 சிப் என்றால் புதிய விண்டோஸில் ‘2012-இலிருந்து நிறுத்தப்பட்டது’ என்ற பொருளில் ஒரு வாசகம் தெரியும். பயப்படவேண்டாம், பழைய டிரைவர் பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஓடும். பிறகு அங்கே காட்டும் போர்ட் எண்ணையே மென்பொருளிலும் கொடுங்கள். வேகம் 38400, அது சரிப்படாவிட்டால் 9600, 115200 என்று மாற்றிப் பாருங்கள்.

ப்ளூடூத் அடாப்டரின் கடவுஎண் பெரும்பாலும் 1234 அல்லது 0000. விண்டோஸில் ஜோடி சேர்த்ததும் இரண்டு போர்ட்டுகள் உருவாகும், ஒன்று உள்வரும், மற்றொன்று வெளிச்செல்லும். வெளிச்செல்லும் போர்ட்டைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வைஃபை அடாப்டர்கள் பலவற்றின் முகவரி 192.168.0.10, போர்ட் 35000. அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் நமக்கு உதவுவதாக நினைத்து மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், டேட்டாவை அணைத்துவிடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் பழைய வகை ப்ளூடூத் அடாப்டரை வாங்கவே வேண்டாம்.

அடாப்டர் பதில் சொல்கிறது, வண்டி பதில் சொல்லவில்லை

அதிகம் பேர் கைவிடும் இடம் இதுதான். ‘இணைக்க முடியவில்லை’ என்றோ ‘தரவு இல்லை’ என்றோ மென்பொருள் சொல்லும். உடனே ஈசியூ (எஞ்சினை நடத்தும் கணினிப் பெட்டி) போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

சாவி இரண்டாம் நிலையில் இருக்கிறதா? டேஷ்போர்டில் எல்லா விளக்குகளும் எரியும் நிலை அது. பட்டன் ஸ்டார்ட் வண்டியில் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இருமுறை அழுத்தினால் பெரும்பாலும் அந்த நிலை வரும். பாட்டு கேட்கும் நிலையில் ஈசியூ தூங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து ஒரு டெர்மினல் மென்பொருளில் ‘ஏடிஇசட்’ என்று தட்டுங்கள். அடாப்டர் தன் பெயரையும் பதிப்பையும் சொல்லும். ‘இஎல்எம்327 பதிப்பு 1.5’ என்று வந்தால் உங்கள் கையில் இருப்பது நகல். அந்தச் சிப்பை உருவாக்கிய கனடா நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதாலேயே தூக்கி எறியவேண்டியதில்லை, என்னிடமும் ஒன்று உழைக்கிறது. ஆனால் சில நகல்களுக்குப் பல கட்டளைகள் தெரியாது. ‘ஏடிஆர்வி’ என்றால் பேட்டரி வோல்ட் வரும். மீட்டரோடு ஒப்பிடுங்கள், அரை வோல்ட் வேறுபட்டால் அன்றைக்கு அந்த அடாப்டரின் பேச்சை முழுதாக நம்பவேண்டாம். பிறகு ‘ஏடிஎஸ்பி0’ தட்டி, வண்டியின் மொழியைத் தானே தேடச் சொல்லிவிட்டு, ‘0100’ அனுப்புங்கள். ‘41 00’ என்று தொடங்கும் வரி வந்தால் வண்டி பேசிவிட்டது. குறை உங்கள் மென்பொருளின் அமைப்பில்தான். கே-லைன் என்ற பழைய ஒற்றைக் கம்பி முறையில் பேசும் வண்டிகளுக்குச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் பொறுமை இழந்து பட்டனை அழுத்தினால் தேடல் நின்றுவிடும்.

அப்படியும் மௌனம் என்றால் மீட்டர்தான். கேன் என்ற இருகம்பி முறையில் பேசும் வண்டிகளில் 6-ஆம் துளையும் 14-ஆம் துளையும் ஒரு ஜோடிக் கம்பியின் முனைகள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். கம்பியின் இரு கோடிகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருப்பதால் 60 வரவேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில புதிய வண்டிகளில் சாக்கெட்டுக்கும் உள் வலைக்கும் நடுவே கேட்வே என்ற காவலாள் உட்கார்ந்திருப்பதால் இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.

என் மைத்துனர் புதுச்சேரியில் இருக்கிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த இரவில் அவருடைய கார் தெருவில் நின்றது. தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தாண்டி மிதியடி வரை வந்து வடிந்துவிட்டது. இருக்கைகூட நனையவில்லை. வண்டி ஓடியது. மூன்று வாரம் கழித்து டேஷ்போர்டில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விளக்குகள், ஸ்கேனரில் ‘யு’ வரிசைக் குறியீடுகள், அவற்றில் யு0100-உம் ஒன்று: எஞ்சின் ஈசியூவுடன் தொடர்பு இல்லை. ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். “மாமா, ஈசியூவையே மாற்றவேண்டும் என்கிறார்கள்” என்று போனில் சொன்னபோது அவர் குரல் கம்மியிருந்தது. விலை அப்படி.

மறுநாள் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன். 6-க்கும் 14-க்கும் நடுவே 60 ஓம் சரியாக வந்தது. ஜோடிக் கம்பி நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் பேச்சு அறுகிறது? ஓட்டுநரின் வலது காலுக்குப் பக்கத்தில், கதவோரம் உள்ள பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினேன். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு வெள்ளை கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு). பூட்டை அழுத்திப் பிரித்தபோது நறநறவென்று ஒரு சத்தம். பிரியும் கப்ளருக்கு ‘டிக்’ என்ற சத்தம்தான் உண்டு. உள்ளே இருபது பின்களில் மூன்று, பித்தளைச் சொம்பைப் பரணில் போட்டு மறந்தால் பிடிக்குமே, அந்தப் பச்சைக் களிம்பு ஏறிப் பருத்திருந்தன. அவற்றில் ஒன்று எர்த் வயர். வண்டி அசையும்போது எர்த் போகும், வரும். எர்த் போன விநாடியில் ஈசியூ ஊமையாகும்; மற்றப் பெட்டிகள் எல்லாம் அதைக் காணோம் என்று புகார் எழுதிவைக்கும்.

களிம்பு என்றதும் புளி வைத்துத் தேய்க்கலாமே என்று அவருடைய அம்மா யோசனை சொன்னார். சொம்புக்கு அது சரி, கழுவித் துடைத்துவிடலாம். கப்ளரின் இடுக்கில் தங்கும் புளியின் அமிலம் அடுத்த களிம்புக்கு வித்திடும். கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயும் பழைய பல்துலக்கியும் போதும். பச்சை மிகவும் தின்றுவிட்ட ஒரு பின்னை மட்டும் வெட்டிப் புதிது போட்டோம். கடலோரத்து ஊர்களில் வெள்ளம் வரவேண்டியதுகூட இல்லை. உப்புக் காற்றே இந்த வேலையை நிதானமாகச் செய்துவிடும். சில்வர் பீச் பக்கம் தினமும் வண்டி நிறுத்துகிறவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை பேட்டரி முனைகளையும் எஞ்சின் எர்த் பட்டையையும் கழற்றித் துடைத்தாலே பல ‘மர்மக்’ குறியீடுகள் வராது.

ஏர்பேக்குக்குப் போகும் மஞ்சள் நிற கப்ளர்களை மட்டும் தொடாதீர்கள், மீட்டரும் வைக்காதீர்கள்.

இணைப்பு வருகிறது, நடுவில் அறுகிறது

யுஎஸ்பி கேபிளை மாற்றுங்கள், லேப்டாப் தூங்கப்போவதை நிறுத்திவையுங்கள், அடாப்டர் சாக்கெட்டில் ஆடுகிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்யும் விநாடியில் மட்டும் அறுந்தால் அது பேட்டரியின் கைவரிசை. செல்ஃப் சுழலும்போது வோல்ட் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்கவேண்டும். தளர்ந்த பேட்டரி தொடர்பே இல்லாத பத்துப் பெட்டிகளில் குறியீடுகளை உருவாக்கும். அதைச் சரிசெய்யாமல் குறியீடு படிப்பது காய்ச்சல்காரனிடம் கணக்குக் கேட்பது போன்றது.

குறியீடு வந்துவிட்டது

அழிக்கும் பட்டனிலிருந்து கையை எடுங்கள். நோட்டுப் புத்தகம் இப்போதுதான் வேண்டும்.

குறியீட்டின் முதல் எழுத்து பவர்ட்ரெய்ன், பாடி, சேஸிஸ், நெட்வொர்க் என்ற நான்கில் ஒன்றைக் குறிக்கும். முதல் இரண்டையும் தமிழில் ‘பி’ என்றே எழுதவேண்டியிருக்கிறது. இங்கே வரும் பி எல்லாம் எஞ்சின் பக்கத்துப் பி. எண்ணோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பகுதியையும் எழுதிக்கொள்ளுங்கள். குறை பதிவான நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம்மில் இருந்தது, எவ்வளவு சூடு, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். குளிர்ந்த எஞ்சினில் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) வந்த குறையும், நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த குறையும் ஒரே எண்ணோடு வரலாம். தேடவேண்டிய இடம் வேறு.

குறியீடு ஒரு பாகத்தின் பெயரோடு வந்தாலும் அது அந்தப் பாகத்துக்கு மரணச் சான்றிதழ் ஆகாது. குளிர்நீர்ச் சென்சார் என்று வருகிறதா? நேரலைத் தரவில் வெப்பநிலையைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நிற்கும் கடலூர் வண்டி, மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரோ அறுந்திருக்கிறது. சென்சாரின் கப்ளரைக் கழற்றி, வயர் பக்கத்து இரண்டு பின்னையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். அளவு ஒரேயடியாக உச்சத்துக்குத் தாவினால் வயர் நன்றாக இருக்கிறது, சென்சார் போய்விட்டது. தாவாவிட்டால் புதுச் சென்சார் வாங்கிப் பயனில்லை. வயல் ஓரம் வீடு என்றால் எலியைத் தேடுங்கள்.

பி0301 முதல் பி0304 வரை வந்தால் மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. கடைசி இலக்கம் சிலிண்டரின் எண். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்) உள்ள பெட்ரோல் வண்டியில் செலவே இல்லாத சோதனை இது: இரண்டாம் சிலிண்டரின் காயிலை மூன்றாவதில் போடுங்கள், மூன்றாவதை இரண்டில். குறியீடு 302-இலிருந்து 303-க்கு நகர்ந்தால் காயில்தான் குற்றவாளி. நகராவிட்டால் அதேபோல் பிளக்கை மாற்றிப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, ஆறவிட்டுச் செய்யுங்கள். ஓடும்போது செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் சோதனையெல்லாம் பிறகு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சுட்டுவிடும். ஓரங்கட்டுங்கள்.

பி0171 எனக்குச் சொந்த அனுபவம். கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள். ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்லி எனக்கு வந்த அறிவுரைகள் பல. சென்சாரோ தான் கண்டதைச் சொன்ன சாட்சி. இதற்கு நேரலைத் தரவில் ஃப்யூயல் ட்ரிம் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள், உடனடி ஒன்று, நீண்டகாலம் ஒன்று. இரண்டையும் கூட்டினால் ஈசியூ எத்தனை விழுக்காடு கூடுதலாக பெட்ரோல் ஊற்றிச் சமாளிக்கிறது என்று தெரியும். பத்துக்கு உள்ளே இருந்தால் விட்டுவிடலாம். என் வண்டியில் ஐடிலிங்கில் 22. ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தபோது 5-க்கு இறங்கியது.

அந்த இறக்கத்தில் விடை இருந்தது. எங்கோ திருட்டுக் காற்று உள்ளே வருகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் சிறிய ஓட்டையும் பெரிதாகத் தெரியும். ரேஸ் கொடுத்தால் அது பொருட்டில்லாமல் போகும். இதற்கு நேர்மாறாக, ரேஸ் கொடுக்கக் கொடுக்க எண் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் பக்கம் திரும்புங்கள். நான் ஒரு மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்கள் மீது நகர்த்திக்கொண்டே போனேன். ஃபேனிலும் பெல்ட்டிலும் சட்டையோ குழாயோ சிக்காமல் இருக்கவேண்டும். மேனிஃபோல்டின் பின்புறம், கண்ணுக்குத் தெரியாத வளைவில், ‘உஸ்’ என்ற சத்தம். விரல் நீள ரப்பர் ஹோஸ், அடிப்பக்கத்தில் வெடிப்பு. அதை மாற்றிய மறுநாள் ட்ரிம் 4. ஆக்சிஜன் சென்சார் இன்றும் அதேதான் ஓடுகிறது.

பி0420 வந்ததும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வாங்க ஓடாதீர்கள். முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருக்கிறதா, மிஸ்ஸிங் குறியீடு கூடவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவற்றை முதலில் தீருங்கள்.

அழித்தேன், திரும்ப வந்துவிட்டது. அல்லது விளக்கு எரிகிறது, குறியீடு இல்லை

அழித்த உடனே வந்தால் மின்சுற்றுக் குறை, அறுந்த வயர் போன்றது. இரண்டு மூன்று நாள் ஓடிய பிறகு வந்தால் குறிப்பிட்ட சூட்டிலோ வேகத்திலோ மட்டும் தலைகாட்டும் குறை; முன்பு எழுதிவைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமோடு புதியதை ஒப்பிடுங்கள். ‘நிலுவை’ என்ற பகுதியையும் படியுங்கள். ஒரு தடவை மட்டும் தென்பட்டு இன்னும் விளக்கு எரியாத குறைகள் அங்கே காத்திருக்கும். எரிவது ஏபிஎஸ் அல்லது ஏர்பேக் விளக்கு என்றால் பொதுவான மென்பொருள் எஞ்சினை மட்டும் படித்துவிட்டு ‘குறையில்லை’ என்று சொல்லும். அதை நம்பி வண்டியை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் போகவேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

ஸ்கேனருக்கு இங்கே கடைசி இடம். சாவியைப் போடாதீர்கள், ஸ்டார்ட் செய்து பார்க்கவே வேண்டாம். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் முதல் சுழற்சியிலேயே கனெக்டிங் ராடு வளையும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். மிதியடிக் கம்பளத்தைத் தூக்கி, அதன் அடியில் இருக்கும் பஞ்சை அழுத்திப் பாருங்கள். மேலே உலர்ந்திருக்கும் கம்பளத்தின் கீழே அந்தப் பஞ்சு வாரக்கணக்கில் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். மைத்துனர் வண்டியின் கப்ளரை மூன்று வாரம் ஊறவைத்தது அதுதான். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ஈரம் பாருங்கள், டிப்ஸ்டிக்கை உருவி ஆயில் வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று அப்படி இருந்தாலும் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும். எல்லாம் உலர்ந்து, கப்ளர்களைப் பிரித்துத் துடைத்த பிறகு பேட்டரியை மாட்டி, சாவியை இரண்டாம் நிலைக்குக் கொண்டுவந்து, அப்போது அடாப்டரைச் செருகுங்கள். முதல் வாசிப்பில் வரும் குறியீடுகளை எழுதிக்கொண்டு அழியுங்கள். இரண்டாம் வாசிப்பில் எஞ்சியிருப்பவற்றைத் துரத்துங்கள்.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி டேஷ்போர்டு பெட்டியில் போடுங்கள். 16-ஆம் துளை இரவெல்லாம் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்கும். பத்து நாள் வண்டியை எடுக்காமல் விட்டு வந்து பார்த்தால் செல்ஃப் சுழலாது.